ஷூவுக்குள் புகுந்த சாபம்

விளையாட்டரங்க வாசலில் கூட்டம் தாங்கவில்லை. ஆளுக்கொரு ஜோடி ஷூ கையில். பரீட்சையில் கோட்டைவிட்ட மகனின் ஷூ, கல்யாணமாகாத தம்பியின் ஷூ, வேலை போன மச்சானின் ஷூ. எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியர், பாத ஞானி. ஷூவைக் கறுப்புப் பையில் போட்டுத் தருவார்கள். அவர் தொடாமல் மேலே கையை நீட்டி, உள்ளே இருக்கும் சாபத்தைச் சொல்லிவிடுவார். ஒற்றை ஷூ கொண்டுவந்தாலும் ஜோடிக் கட்டணம்தான். சாபத்துக்குத் தள்ளுபடி கிடையாது.

இந்தப் புகழெல்லாம் நாலு நாளில் வந்தது. நாட்டின் முதல் ஓட்டக்காரி இறுதிப் போட்டியிலிருந்து விலகினாள். 'காரணம் பிறகு அறிவிக்கப்படும்' என்று தடகளச் சங்கத் தலைவர் ஒற்றை வரி வெளியிட்டார். காரணத்தை மூடிவைத்தால் ஊர் வாயை மூட முடியுமா? ஆளுக்கொரு கதை கட்டினார்கள். ஞானி கட்டிய கதைதான் கொடிகட்டிப் பறந்தது. போட்டிக்காரியின் பொறாமை ஓட்டக்காரியின் ஷூவில் இறங்கிவிட்டதாம். அதை அவர் கழித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டியிலேயே ஓடலாமாம்.

தலைவருக்கு அது தேனாக இனித்தது. வலிக்கிறது என்று ஓய்வு கேட்டவளை விரட்டி விரட்டி ஓடவிட்டவர் அவர்தான். பழி சாபத்தின் மேல் போனால் கசக்குமா?

அதை அறிக்கையாக வாசிக்க வேண்டியவள் சங்கத்தின் செய்தித் தொடர்பாளர். அவள் மேசையில் இரண்டு தாள்கள் கிடந்தன. ஒன்று தலைவர் எழுதித் தந்த சாபக் கதை. மற்றது மருத்துவரின் சீட்டு. முழங்காலுக்குக் கீழே எலும்பில் கீறல், ஆறு வாரம் ஓடக்கூடாது, ஓடினால் முறியும்.

"அக்கா, சாபம் கழிச்ச அப்புறமும் ஓடலேன்னா என்னைப் பயந்தாங்கொள்ளின்னுதான் சொல்வாங்க. பேசாம ஓடிடறேன்" என்றாள் ஓட்டக்காரி.

தொடர்பாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வயதுக் காலை ஒரு துணிப்பைக்குக் காவு கொடுப்பதா?

பத்திரிகையாளர் கூட்டம் கூடியது. அங்கேயே ஓட்டக்காரியின் ஷூவிலிருந்து ஞானி சாபத்தைக் கழிப்பதாக ஏற்பாடு. ஞானி முன்னால் யாரும் காலணியோடு வரக்கூடாது என்பது அவரே போட்ட விதி. எல்லோரும் வாசலில் கழற்றினார்கள், ஞானியும்தான். கடைசியாக உள்ளே வந்த தொடர்பாளர், கட்டிய பையை மேசையில் வைத்தாள்.

ஞானி கையை நீட்டினார். நடுங்கினார். வியர்த்தார்.

"இதுக்குள்ள பொய்யும் பித்தலாட்டமும் குடியிருக்கு. அந்தப் போட்டிக்காரி இறக்கிவிட்டது."

தொடர்பாளர் பையை அவிழ்த்தாள்.

"இது உங்க ஷூ ஐயா. இப்பதான் வாசல்லேர்ந்து எடுத்தேன்."

பாவம், தொழிலுக்கு வந்த நாள் முதல் ஞானி சொன்ன ஒரே உண்மை அந்த முதல் வாக்கியம்தான். அதையும் தெரியாமல் சொல்லிவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் தொடர்பாளர் மருத்துவரின் சீட்டை ஒரு வரி விடாமல் வாசித்தாள். ஓட்டக்காரி ஒலிபெருக்கியை வாங்கி, ஆறு வாரம் ஓடப்போவதில்லை என்று தன் வாயாலேயே சொன்னாள். தலைவர் மெல்ல நழுவினார்.

வெளியே கூட்டம் மட்டும் கலையவில்லை. மச்சானின் ஷூவோடு நின்றவர் தொடர்பாளரை மறித்தார்.

"இவரு போலின்னா, வேற நல்ல ஞானி யாராவது தெரியுமாம்மா?"

"தெரியும். உங்க கழுத்துக்கு மேலதான் சும்மா உக்காந்திருக்காரு. அவருக்குக் கொஞ்சம் வேலை குடுங்க."