பட்டாணி, திராட்சை, எலுமிச்சை

“இந்தக் காதோட நீ கவுண்டர்ல நிக்கக் கூடாதுய்யா” என்றார் மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி.

விற்பனையாளர் வலது காதைப் பொத்திக்கொண்டார். எப்போதோ கம்பி கிழித்த காயம். ஆறிய பிறகும் தழும்பு நிற்காமல் வளர்ந்து, மடலில் பட்டாணியாக உட்கார்ந்திருந்தது.

“வர்றவங்க ஃபிரேமைப் பாக்கறதில்ல, உன் காதைத்தான் பாக்கறாங்க. ஆறு மாசம் டைம். சரி பண்ணு, இல்லேன்னா வேற இடம் பாத்துக்க.”

பதினெட்டு வருஷ வேலை. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார். டாக்டரம்மா அழுத்திப் பார்த்தார்.

“இது கீலாய்டு. வெறுமனே வெட்டினா முன்னைவிடப் பெரிசா வளரும். மாசாமாசம் தழும்புக்குள்ளயே ஊசி, அழுத்திப் பிடிக்க ஒரு கிளிப். ஒரு வருஷமாவது பொறுமையா இருங்க.”

“முதலாளி ஆறு மாசம்தான் குடுத்திருக்காரு டாக்டர்.”

“தழும்புக்கு உங்க முதலாளியைத் தெரியாதே!”

திரும்பும் வழியில், புதிதாகத் திறந்திருந்த அழகு கிளினிக் கண்ணில் பட்டது. முதல் நோயாளிக்கு எல்லாமே இலவசமாம். உள்ளேயிருந்த வெள்ளைக் கோட்டுக்காரர், காதைப் பார்த்ததும் பெண் பார்க்க வந்தவர் மாதிரி மலர்ந்தார்.

“வெட்டிடலாம். அஞ்சு நிமிஷம்.”

“வெட்டினா வளரும்னாங்களே...”

“அவங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. கேமராக்காரரே, ஒரு படம் எடுங்க!”

படம் எடுத்தார்கள். வெட்டினார்கள். ஒரு மாதம் காது பளபளவென்றிருந்தது. மூன்றாம் மாதம், திராட்சை.

“டாக்டரம்மா சொன்னப்ப அந்தக் காது கேக்கலியா?” என்றாள் மனைவி. “இப்பவாவது அங்க போய் ஊசி போட்டுக்குங்க.”

“போனா ‘அப்பவே சொன்னேனே’ம்பாங்க.”

“அதைத்தான் நான் வீட்லயே தினம் சொல்றேனே!”

ஆகவே, மறுபடியும் கிளினிக்குக்கே போனார். வெள்ளைக் கோட்டுக்காரர் துள்ளினார்.

“சபாஷ்! நல்ல முன்னேற்றம். இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டுவோம்.”

“ஊசி ஏதாச்சும்...?”

“ஐயையோ, ஊசி போட்டா அமுங்கிடுமே!” என்றவர், அவசரமாக இருமினார். “நரம்பைச் சொன்னேன்.”

ஆறாம் மாதம், எலுமிச்சை. பகலில் வலித்தது, படுத்தால் அரித்தது. மாதிரிக்குப் போட்டுக்காட்டும் கண்ணாடி காதில் ஏற மறுத்தது. அப்பாவோடு வந்த ஒரு குழந்தை அவரைப் பார்த்து வீரிட்டது. முதலாளி கவுண்டர் சாவிக்குக் கையை நீட்டினார், அவ்வளவுதான்.

விற்பனையாளர் நேராகக் கிளினிக்குக்குள் நுழைந்தார். வழியெல்லாம் சேர்த்துவைத்த வசவுகளுக்குப் பதிலாகக் காதைத்தான் காட்டினார்.

வெள்ளைக் கோட்டுக்காரர் அவரை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

“பிரமாதம்! இதுக்கு மேல வேணாம். கேமராக்காரரே, லைட்டைப் போடுங்க!”

“என் வேலையே போயிடுச்சுங்க. இப்பப் போய்ப் படமா? குணமானப்புறம் எடுத்துக்கக் கூடாதா?”

கேமராக்காரர் அவர் முகவாயைப் பரிவோடு வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

“குணமான படத்தை முதல் நாளே, சின்னதா இருக்கறப்பவே எடுத்துட்டோமே சார். விளம்பரத்துல ‘சிகிச்சைக்கு முன்’னு போடறதுக்குத்தான் இன்னிக்கு எடுக்கறோம்.”