வால்வு தெரியாத பைனாகுலர்

பைனாகுலர் பார்சல் வந்து இறங்கிய திங்கட்கிழமை காலையில் உக்கிரபாண்டி வீட்டில் கை கழுவத் தண்ணீர் இல்லை. பார்சல்காரர் குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். முருகேஸ்வரி மோரைக் கொடுத்து அனுப்பிவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"எம்புட்டு?"

"ஆறாயிரத்து எண்ணூறு."

"ஏங்க, வீட்ல குடிக்கத் தண்ணியில்ல. நீங்க கண்ணாடி வாங்கிட்டு நிக்கீக."

"தண்ணியில்லாமத்தான் முருகேசு வாங்கினேன்."

அது நிஜம்தான். சாத்தூர்ப் பக்கத்து நடுப்பொட்டலில் எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர். எத்தனை மணிக்கு என்பது சோணைமுத்துவுக்கு மட்டும் தெரியும். ஊருக்கு மேற்கே, மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் இருக்கிற வால்வைத் திறந்துவிடுவது அவன்தான். திறந்தால் இருபது நிமிஷம். தொட்டிப் பக்கத்து வீட்டார் பார்த்து, சொந்தக்காரர்களுக்குப் போன் அடித்து, அவர்கள் அவர்களுடைய சொந்தக்காரர்களுக்கு அடித்து, சேதி கிழக்குக் கடைசியில் இருக்கிற உக்கிரபாண்டிக்கு வந்து சேரும்போது தெருக்குழாயில் காற்றுதான் வரும்.

வருகிற ஞாயிறு மகள் ரோஷினிக்கு வளைகாப்பு. இருநூறு பேர் சாப்பாடு. நிச்சயதார்த்தத்தன்று தண்ணீர் தீர்ந்துபோய், பாக்கெட் தண்ணீரைப் பல்லால் கடித்துக் கை கழுவிய சம்பந்தியம்மா கற்பகவல்லி அதை விருதுநகர் பூராவும் ரெண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நல்ல குடும்பந்தான். சாப்பிட்ட கையைச் சேலையிலதான் தொடைக்கணும்." லாரித் தண்ணீர் வாங்கலாம். ஆனால் அது உப்பு. சாம்பாரை நாக்கில் வைத்ததும் கண்டுபிடித்துவிடுவாள்.

உக்கிரபாண்டிக்குக் காலண்டர் கம்பெனியில் மிஷின் வேலை. சீசன் முடிந்து வீட்டில் இருந்த ரெண்டு மாசமும் போனில் பைனாகுலராகவே பார்த்தார். தொள்ளாயிரத்துக்கு வருவது திருவிழாக் கடைப் பொம்மை. நாற்பதாயிரத்துக்கு வருவது எல்லையில் நிற்கிறவர்களுக்கு. நடுவில் பத்துக்கு ஐம்பது என்று ஒன்று இருந்தது. பத்து மடங்கு கிட்டத்தில் காட்டும், மழைத் தண்ணீர் பட்டாலும் கெடாது. "இங்கன மழை எங்க பெய்யிது?" என்று முருகேஸ்வரி கேட்டதை அவர் காதில் வாங்கவில்லை. சோணைமுத்து வால்வில் கை வைக்கும்போதே மாடியிலிருந்து பார்த்துவிட்டால், பத்து நிமிஷம் முன்னாடி குடத்தோடு குழாயடியில் நிற்கலாம். அவ்வளவுதான் திட்டம்.

டப்பாவைத் திறந்ததும் முருகேஸ்வரிதான் முதலில் வாங்கிப் பார்த்தாள்.

"ஐயையோ, எதிர்வீடு சாத்தூருக்குப் போயிருச்சு!"

"திருப்பிப் பிடி."

உக்கிரபாண்டி மாடியேறி, நடுச் சக்கரத்தைத் திருகினார். ரெண்டு வட்டம் ஒரு வட்டமானது. மங்கலெல்லாம் விலகி, பட்டாசுக் கம்பெனி வாட்ச்மேன் பளிச்சென்று வந்து நின்றார்.

"முருகேசு! வாட்ச்மேன் வடை திங்காரு. உளுந்த வடை!"

"வால்வு தெரியுதா?"

தொட்டி தெரிந்தது. தொட்டியில் பெயிண்ட் உரிந்தது தெரிந்தது. வால்வுக்கு நேர் முன்னால் ஒரு வேப்பமரம் நின்றது.

அன்று சாயங்காலம் ரோஷினி ஏழு மாச வயிற்றோடு வந்து இறங்கினாள். "அப்பா எங்க?" என்றாள். முருகேஸ்வரி விரலை மேலே காட்டினாள்.

செவ்வாய்க்கிழமை அஞ்சரை மணிக்கே உக்கிரபாண்டி ஏணி வைத்து, மாடிப்படி அறையின் மேலேயே ஏறிவிட்டார். அங்கிருந்து மரத்துக்கு மேலாக வால்வு லேசாகத் தெரிந்தது. ஏழு மணிக்குப் பின்மண்டையில் வெயில் சுள்ளென்று அடித்தது. மருமகன் கொடைக்கானலில் வாங்கி மறந்துவிட்டுப் போன அகலத் தொப்பியை எடுக்கக் கீழே இறங்கினார்.

"எங்க போனீக? தண்ணி வந்துருச்சு!" என்று முருகேஸ்வரி ரெண்டு குடத்தோடு உள்ளே ஓடினாள்.

"அஞ்சு நிமிஷந்தான் எறங்கினேன்!"

புதன்கிழமை தொப்பி இருந்தது. கை நடுங்கியது. பத்து மடங்கு பெரிதாகக் காட்டுகிற சாமான் நடுக்கத்தையும் பத்து மடங்கு காட்டியது. கல்யாண போட்டோ எடுக்கும் பாண்டிமுருகனிடம் மூன்றுகால் ஸ்டாண்டு கேட்டார். அவன் பெரிய மனசுக்காரன். கூடவே தன் வெள்ளைக் குடையையும் கொடுத்தான்.

ஸ்டாண்டில் மாட்டியதும் படம் ஆடாமல் நின்றது. சோணைமுத்து தொட்டிக்கு அடியில் நின்று இந்தப் பக்கமே வெறித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"வேலை வெட்டியில்லாம நிக்கான் பாரு," என்று உக்கிரபாண்டி முனகுவதற்குள் காற்றடித்துக் குடை பறந்தது. அதைத் துரத்தி அடுத்த மாடியில் பிடித்துத் திரும்பும்போது கீழே குடங்கள் இடிபடும் சத்தம் கேட்டது.

"இன்னைக்கும் விட்டாச்சா?" என்றாள் முருகேஸ்வரி.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டு ராமுத்தாய் வாசலில் வந்து நின்றாள்.

"யக்கா, அண்ணாச்சி மேல ஒக்காந்து அந்தக் கண்ணாடியைச் சுத்திச் சுத்தித் திருப்புறாக. நான் துணி காயப்போட வேணாமா?"

முருகேஸ்வரிக்கு முகம் சுருங்கிவிட்டது. மேலே ஏறிப் போனாள்.

"முதல்ல லுங்கியைக் கழத்திட்டு பேண்டு சட்டை போடுங்க. கையில ஒரு நோட்டு வச்சு என்னத்தையாவது எழுதுங்க. அப்பத்தான் நாலு பேரு ஏதோ வேலை பாக்காருன்னு நினைப்பாக."

"என்னத்த எழுத?"

"உளுந்த வடைன்னு எழுதுங்க."

அவர் குனிந்து தேதியும் மணியும் எழுதினார். நிமிர்வதற்குள் தண்ணீர் வந்துவிட்டது.

வெள்ளியும் அதே கதை, சனியும் அதே கதை. ஒருநாள் கண்ணாடியில் ஆவி படிந்தது, மறுநாள் சிலந்தி ஒன்று நடந்தது. அவர் துடைத்து முடிப்பதற்குள் தெருவே குழாயடியில் நின்றது. ஆனால் தண்ணீர் தினமும் வந்தது. இருபது நிமிஷமில்லை, ஒரு மணி நேரம் முழுசாக வந்தது. முருகேஸ்வரி சிமெண்டுத் தொட்டியை நிரப்பினாள். டிரம்மை நிரப்பினாள். இடம் போதாமல், சமையல்காரர் கொண்டுவந்து இறக்கிய அண்டாவை எல்லாம் நிரப்பினாள்.

"எல்லாம் ரோஷினி வந்து எறங்கின நேரம்," என்றாள் ராமுத்தாய். "வயித்துப்பிள்ளை தண்ணியோடதான் வருது." தெருவே தலையை ஆட்டியது. சிலர் ரோஷினிக்குத் திருநீறு பூசிவிட்டுப் போனார்கள்.

உக்கிரபாண்டிக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அஞ்சு நாள், அஞ்சு திறப்பு. ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் போனை எடுத்து விமர்சனம் எழுதினார். 'பார்வை தெளிவு. வடை வரை தெரிகிறது. வாங்கிய காரியத்துக்கு உதவவில்லை.' அஞ்சு நட்சத்திரத்தில் ரெண்டைத் தொட்டார். திங்கட்கிழமை திருப்பி அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தார்.

"மனசை விடாதீக," என்றாள் முருகேஸ்வரி. "தண்ணி வந்துச்சுல்ல? நீங்க பாத்தா என்ன, பாக்காட்டி என்ன?"

அது அவருக்கு இன்னும் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, அன்றும் கோட்டைவிட்டு, தொப்பியைக் கழற்றி வேட்டி கட்டிக்கொண்டு பந்தலுக்கு வந்தார்.

வளைகாப்பு பிரமாதமாக நடந்தது. சம்பந்தியம்மா கற்பகவல்லி இலையை மூடி எழுந்து, பழக்கதோஷத்தில் கைப்பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். முருகேஸ்வரி அதைப் பதமாக வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தெருக்குழாய்க்குக் கூட்டிப்போனாள். விடியற்காலையில் வந்த தண்ணீர் அன்று நிற்கவே இல்லை, குழாய் தடதடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. சம்பந்தியம்மா கை கழுவினாள், முகம் கழுவினாள், பிறகு காலையும் கழுவினாள்.

"என்ன மதினி, ஒங்க ஊர்ல இப்ப ஆறு ஓடுதா?"

"ஆத்துல கூடக் குறையும் மதினி. நல்லாத் தேச்சுக் கழுவுங்க, அவசரமில்ல!"

அந்த ஒரு வார்த்தைக்காக ரெண்டு வருஷம் காத்திருந்தவள் முருகேஸ்வரி. தெருப் பெண்கள் அத்தனை பேரும் கேட்கச் சத்தமாகச் சொன்னாள்.

பந்தி ஓய்ந்த நேரம் சோணைமுத்து வந்தான். பாயசம் கொடுத்ததை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். கண்ணுக்கு அடியில் கருத்திருந்தது. மாடியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, உக்கிரபாண்டியை ஓரமாக இழுத்துப் போய்க் காதோடு கேட்டான்:

"அண்ணாச்சி, ஒங்க மாடியில தொப்பியும் குடையுமா ஒக்காந்து, ஆறு நாளா என்னையவே பாத்துப் பாத்து நோட்டுல எழுதுறாரே ஒரு மெட்ராஸ் ஆபீசரு, அவரு ஊருக்குக் கிளம்புற வரைக்கும் நான் தெனமுந்தான் தொறந்து விடணுமா?"