கோழிதூக்கித் தோட்டத்தில் பிறந்தவன்

அக்கரை ஜுருவில் வசிக்கும் மதிப்புக்குரிய மச்சான் பெர்னார்ட் அவர்களுக்கு, சுங்கை பினாங்கிலிருந்து பாக்கியசாமி சொல்ல, மருமகள் ரோசலின் எழுதுவது. இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். அங்கே எப்படி என்று கேட்பது வழக்கம், கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

எம்டன் கப்பல் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து குண்டு போட்டதே, அந்த வருஷம் பிறந்தவன் நான். இப்போது அதே கடலுக்கு மேல் பாலம் போட்டுத் திறந்தும் விட்டார்கள். நான் இன்னும் சிவப்புக் கார்டுதான். பிறந்த மண்ணில் வெளிநாட்டான். என் வீட்டை உடைக்கப்போகிறார்கள், பதிலுக்குக் கொடுக்கும் ஃபிளாட் நீலக் கார்டு வைத்திருக்கும் குடிமகனுக்கு மட்டுமாம். அதனால் போன வாரம் மறுபடியும் கார்டு ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் நோர்மா என்று ஒரு மலாய்க்காரப் பெண், நல்ல பிள்ளை. "பக்சிக் எங்க பொறந்தது?" என்று மாமா முறை வைத்துக் கேட்டாள். கோழிதூக்கித் தோட்டம் என்றேன். "அது எந்த நாட்டுல இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பெரிய மேப்பை விரித்தாள், இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டாள், மூன்று பேரும் குனிந்து தேடினார்கள். "இப்படி ஒரு இடமே இல்லலா, பக்சிக்." எனக்கு வந்ததே கோபம்! புலாவ் தீக்குஸ், எலித்தீவு, அப்படி ஒரு ஊர் இருக்கலாம். ஆயர் ஈத்தாம், கறுப்புத்தண்ணி, அப்படியும் ஒரு ஊர் இருக்கலாம். இரண்டுக்கும் பஸ்கூட ஓடலாம். என் கோழிதூக்கி மட்டும் இருக்கக்கூடாதா? துரைமார் வைத்த பெயர் கம்பெனி கைமாறும்போதெல்லாம் மாறியது, பலகையும் மாறியது; அதை நம்மில் யார் வாயால் சொன்னோம்? வீடு வீடாக வந்து கோழி தூக்கிக்கொண்டு போன கணக்குப்பிள்ளை கிராணியைத்தான் நமக்கு ஞாபகம்.

ஞானஸ்நான ஏடு ஜப்பான்காரன் காலத்திலேயே எரிந்துபோனது. இடத்தையாவது கண்ணால் பார்ப்போம் என்று ஜுருவுக்கு பஸ் ஏறினேன். தோட்டம் இருந்த இடத்தில் ஃபேக்டரி நிற்கிறது. கேட்டில் காவலுக்கு ஒரு ஜாகா, நம்ம பையன்தான். "யாரப் பாக்கணும், தாத்தா?" "நான் பொறந்த எடத்தப் பாக்கணும்." "அப்பாயின்ட்மென்ட் இருக்கா?" உங்கள் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். கூப்பிடவில்லை.

ஏன் கூப்பிட வேண்டும்? சுதந்திரம் கிடைத்த வருஷம் இரண்டு பேரும் கார்டு வாங்க ஒரே வரிசையில் நின்றோம். என் முன்னால் நின்ற நீங்கள், அதே கோழிதூக்கியில் அடுத்த லயத்து வீட்டில் பிறந்த நீங்கள், கூசாமல் "பட்டர்வொர்த்" என்றீர்கள். ரயில் நிற்கிற ஊர், யாரும் மறு கேள்வி கேட்கவில்லை, நீலக் கார்டு. நான் உண்மையைச் சொன்னேன், சிவப்பு. வெளியே வந்து, "ஒரு நல்ல ஊருல பொறக்கக்கூடத் தெரியலியே, மாப்ள!" என்று சிரித்தீர்கள். என் அக்கா ரீத்தாவை அடக்கம் செய்த அன்றைக்கும் அதே கதையைச் சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தீர்கள். நீங்கள் ஒரு... இந்த இடத்தில் நான் சொன்னதை ரோசலின் எழுத மாட்டாளாம். "என் கையால எழுத மாட்டேன் மாமா, மாதா பாத்துக்கிட்டிருக்காங்க." கொஞ்சம் இடம் விடச் சொல்லியிருக்கிறேன், நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஆகவே இனி என் வாசலை மிதிக்க வேண்டாம். என் சாவுக்கும் வர வேண்டாம். பாலம் கட்டியது உங்களுக்காக இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உங்களுக்கு மாதா பார்த்து எது கொடுத்தாலும் சரி.

இப்படிக்கு, பெருவிரலை உருட்டி வைத்த
பாக்கியசாமி

பின்குறிப்பு: நோர்மா சொன்ன ஒன்று விட்டுப்போனது. நான் அங்கேதான் பிறந்தேன் என்று, என்னைவிட மூத்தவர் யாராவது நேரில் வந்து சத்தியம் செய்தால் எழுதிக்கொள்வாளாம். "ஒரு ஆள் போதும், பக்சிக்." லயம் லயமாக மனசுக்குள் நடந்து தேடிப் பார்த்தேன். பிரசவம் பார்த்த ஷரீஃபா போய்விட்டாள். மேட்டு லயத்து ஆம்பளைகள் ஜப்பான்காரனுக்கு சயாம் ரயில் பாதை போடப் போனார்கள், திரும்பவில்லை. கோழி தின்ற கிராணியும் போனான். ரீத்தா அக்காவை நீங்களே மண் போட்டு மூடினீர்கள். வருகிற திங்கட்கிழமை காலையில் படகுத்துறையில் நிற்கிறேன், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். பட்டர்வொர்த்தில்தான் படகு ஏற வேண்டும். பிறந்த ஊரை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நோர்மா உங்களையும் எங்கே பிறந்தீர்கள் என்று கேட்பாள், அப்போது அந்தப் பெயரைச் சொல்லிவிடாதீர்கள் மச்சான். எனக்காக அன்றைக்கு மருத்துவச்சியைக் கூட்டிவர ரப்பர் காட்டுக்குள் ஓடிய பையன் ஒருவன்தான் இன்னும் மிச்சம்: என் அக்கா புருஷன் பெர்னார்ட்.