இரட்டைக் குழலும் இரண்டு நிலாவும்

எனக்குச் சத்தம் போடத் தெரியாது. பிறவியிலேயே அப்படித்தான். ஒருமுறை திருப்பத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது, எங்கள் ஊர் வந்ததும் "நிறுத்துங்க, இறங்கணும்" என்று சொல்ல வெட்கப்பட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். நாலு ஊர் தள்ளி யாரோ ஒரு அம்மாள் இறங்கினார். அவர் பின்னாலேயே நானும் இறங்கி நடந்தே வீடு வந்து சேர்ந்தேன். (அந்தம்மா காரைக்குடியில இறங்கியிருந்தா நானும் காரைக்குடியில்தான் இறங்கியிருப்பேன்.)

இப்படிப்பட்ட ஒருவனிடம் ஒரு பெரிய மனிதர் தன் கண்ணையும் கையையும் ஒப்படைத்து, "நான் தப்புப் பண்ணினால் கத்து" என்று சொன்னார். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

இரண்டாயிரத்து நாலு அல்லது ஐந்தாம் வருஷம். துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமாவில், மலையடிவாரத்தில் இருந்த ஒரு பேரீச்சந் தோட்டத்து வீட்டில் எனக்கு வேலை. செடிக்குத் தண்ணீர் விடுவது, ஆட்டுக்குத் தீனி வைப்பது, விருந்தாளி வந்தால் காவா என்கிற அரபிக் காப்பி ஊற்றுவது, எல்லாமே நான்தான். வீட்டுக்காரரை பாபா என்றும் அவர் மனைவியை மாமா என்றும் கூப்பிடுவோம். (மாமான்னா அங்கே அம்மா. ஊருக்கு போன் பண்ணி "மாமா நல்லவங்க, புடவை குடுத்தாங்க"ன்னு சொன்னப்ப என் பொண்டாட்டிக்குத் தலை சுத்திருச்சு.) பாபா அரசாங்க ஆபீஸில் முப்பது வருஷம் காகிதத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். எனக்கும் அவருக்கும் பேச்சு பாதி இந்தி, கால் அரபி, மீதி கை.

மலையிலிருந்து நரி இறங்கி வந்து கோழிகளைத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தது. பாபா முறைப்படி லைசென்ஸ் எடுத்து ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி வாங்கி வந்தார். நடுவில் மூட்டு மடிந்து திறக்கும் வகை. அதுவரை அவர் கையில் பிடித்த பெரிய ஆயுதம் ஸ்டேப்ளர்தான். மாமா அன்றே சட்டம் போட்டுவிட்டார்: துப்பாக்கி பாபாவின் இரும்பு அலமாரியில் இருக்கும். தோட்டா தன் அறையில், வேறு பூட்டில் இருக்கும். ஒழுங்காகப் படிக்காமல் இரண்டும் ஒன்று சேரக்கூடாது.

படிப்பிக்க வந்தவர் பாபாவின் அண்ணன் மகன் காலித், ராணுவத்தில் இருந்தவர். வெள்ளிக்கிழமை தோறும் வீட்டு வராந்தாவில் வகுப்பு நடந்தது. முதல் மாதம் முழுக்கத் துப்பாக்கியே கிடையாது, துடைப்பக் கட்டைதான். துப்பாக்கியில் எப்போதும் தோட்டா இருப்பதாகவே நினைக்க வேண்டும். குழலை மனுஷன் பக்கம் திருப்பக் கூடாது. சுடுகிற நிமிஷம் வரை விரல் விசையைத் தொடக் கூடாது. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். தோட்டா போடுவதற்கு முன் துப்பாக்கியைத் திறந்து குழல்கள் வழியாக வானத்தைப் பார்க்க வேண்டும்.

"ரெண்டு நிலா தெரியணும்" என்பார் காலித். "ஒண்ணு தெரிஞ்சா உள்ளே ஏதோ அடைச்சிருக்கு. அப்படியே சுட்டா குழல் வெடிச்சு உங்க முகத்துக்கு வரும், சித்தப்பா."

நான் ஓரமாக நின்று காவா ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு மறுபடி ஒரு வகுப்பு கிடைத்த சந்தோஷம். பாபாவுக்கோ மறதி. துடைப்பக் கட்டையை எடுத்தவுடனே விரல் விசை இருக்க வேண்டிய இடத்துக்குப் போய்விடும்.

காலித் என்னைப் பார்த்தார். "முத்து, நீ சொல்லு. பாபா எங்கே தப்புப் பண்ணினாரு?"

"உங்லி" என்றேன். இந்தியில் விரல். எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா!"

"உங்லி."

உள்ளேயிருந்து மாமா சொன்னார்: "கோழி கூட இதைவிட சத்தமா கத்துச்சு, முத்து. அதையே நரி தூக்கிட்டுப் போயிருச்சு."

"நான் தப்புப் பண்ணினால் கத்து" என்றார் பாபா. அன்றிலிருந்து அதுவே என் உத்தியோகம். நான் 'உங்லி' என்றால் பாபா விரலை எடுத்து, குழலைத் தரைக்குத் தாழ்த்தி, திறந்து காட்ட வேண்டும். தினமும் சாயங்கால அஸர் தொழுகை முடிந்து இருபது முறை, முதலில் துடைப்பக் கட்டையில், பிறகு தோட்டா இல்லாத துப்பாக்கியில். நாலு மாதத்தில் நான் கொட்டாவி விட வாயைத் திறந்தாலே பாபாவின் விரல் தானாக நீண்டுகொள்ளும்.

இந்த வேளையில்தான் ஆயுத பூஜை வந்தது.

ஊரில் நான் கும்பிட்ட ஆயுதங்கள் மண்வெட்டி, அரிவாள், அண்ணனின் சைக்கிள். நிஜ ஆயுதம் ஒன்றை நான் கண்ணால் பார்த்ததே இந்த வீட்டில்தான். அன்று மதியம் பாபா வழக்கம்போலத் துடைத்து எண்ணெய் போடச் சொல்லித் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, எதிரே கட்டிலில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார். தோட்டா மாமாவின் பூட்டில். நான் முறைப்படி திறந்தேன். காலி. வானத்தைப் பார்த்தேன். இரண்டு நிலா. குழலுக்குள் துணி விட்டுச் சுத்தம் செய்து மூடி, சுவரில் செங்குத்தாகச் சாய்த்து வைத்தேன். பூஜைக்கு முன்னால் குளிப்பாட்டிவிட்ட மாதிரி பளபளவென்று நின்றது.

வருஷத்தில் ஒரு நாள். நிஜ ஆயுதம். சும்மா விட மனம் வரவில்லை. மூலையில் ஊதுபத்தி மட்டும் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். ஊதுபத்தியை எதில் செருகுவது? நம் வீடுகளில் வாழைப்பழத்தில்தான். பழத்தைத் தட்டில் வைத்தால் உருண்டது. அப்போதுதான் என் கண்ணில், வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற இரண்டு அழகான ஓட்டைகள் பட்டன.

இதற்கு மேல் விவரிக்க வெட்கமாக இருக்கிறது. ஓட்டைக்கு ஒரு துண்டு வீதம் பழத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, பத்தியைச் செருகி, கொளுத்திக் கண்ணை மூடினேன். (என்ன வேண்டிக்கிட்டேன்னு கேக்குறீங்களா? "இந்தத் துப்பாக்கியால யாருக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது, சாமி.")

பாபா புரண்டு படுத்தார். நான் பதறிப்போய்ப் பத்திகளைப் பிடுங்கினேன். ஒரு பத்தியோடு பழம் வந்தது. அதைப் பிரசாதமாக வாயில் போட்டுக்கொண்டேன். இன்னொரு பத்தி மொட்டையாக வந்தது. அந்தத் துண்டு கீழே விழுந்திருக்கும், சமையல்கார ஜப்பார் பாய் எடுத்திருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பூஜைக்கு முன்னால் நிலா பார்த்தவன், பூஜைக்குப் பின்னால் பார்க்கவில்லை.

ஜப்பார் பாயும் நம்ம ஊர்ப் பக்கம்தான், தொண்டிக்காரர். அடுத்த வெள்ளிக்கிழமை பாபாவின் சிநேகிதர்கள் நாலு பேர் வந்தார்கள். தோட்டத்துக்குப் பின்னால் பெரிய மணல் மேடு. அதன் முன்னால் காலி டின்களை வரிசையாக அடுக்கி வைத்தோம். பாபா முதல்முறையாக நிஜத் தோட்டாவோடு நிஜத் துப்பாக்கியில் சுடப் போகிறார். மாமாவே தோட்டாவை எண்ணிக் காலித் கையில் கொடுத்தார். ஜப்பார் பாய் காவா பிளாஸ்க்கை என்னிடம் நீட்டியபடி முணுமுணுத்தார்.

"ஏந் தம்பி, சாமி கும்பிட்டியே, ஒரு துண்டு பழம் எனக்குக் குடுத்தா கொறஞ்சா போயிருவ? ரெண்டையும் நீயே முழுங்கிட்டியே."

"நீங்க எடுக்கலையா, பாய்?"

"நான் எங்கடா எடுத்தேன்? துப்பாக்கி வாயில சொருகி வச்சிருந்தியே, அத தூரத்துல இருந்து பாத்ததோட சரி."

 அந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

ஓடினேன். அங்கே பாபா சிநேகிதர்கள் முன்னால் ராஜா மாதிரி நின்றுகொண்டிருந்தார். அந்த மிடுக்கில் நிலாவை மறந்துவிட்டார். பேசிக்கொண்டே, காலித் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்த இரண்டு தோட்டாவையும் போட்டுவிட்டார். காலித் கடைசி டின்னை நிறுத்தி வைத்துவிட்டு அப்போதுதான் திரும்பி வந்துகொண்டிருந்தார். துப்பாக்கி மூடுகிற சத்தம் 'டக்' என்று கேட்டது.

சொல்லிவிட வேண்டும். ஆனால் பெரிய மனிதர்கள் நாலு பேர். அவர்கள் முன்னால் நான் காவா ஊற்றத்தான் குனிந்திருக்கிறேன், பேசியதில்லை. வாயைத் திறந்தேன், காற்று வந்தது. மறுபடி திறந்தேன்.

"பாபா... மோஸ்."

அரபியில் மோஸ் என்றால் வாழைப்பழம். முழு உண்மையையும் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டதாக எனக்கு நினைப்பு.

"பின்னாடி, முத்து" என்றார் பாபா திரும்பாமலே. "முதல்ல சுடுறேன். பழம் பின்னாடி."

"எனக்கு வேண்டாம், சர்க்கரை இருக்கு" என்றார் ஒரு சிநேகிதர்.

"மோஸ், பாபா! மோஸ்!"

"எவ்வளவு நல்ல பையன்! எப்படி உபசாரம் பண்றான் பாரு" என்றார் இன்னொருவர்.

பாபா துப்பாக்கியைத் தோளில் வைத்தார். கன்னத்தைச் சாய்த்தார். ஒரு கண்ணை மூடினார். விரல் மெல்ல விசையை நோக்கி நகர்ந்தது. எனக்கு அந்த விரல் மட்டும்தான் தெரிந்தது.

"உங்லீ!"

அப்படி ஒரு குரல் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. மலையில் பட்டு எதிரொலித்து இன்னொரு முறை 'உங்லீ' என்று கேட்டது. ஆடுகள் கட்டை அறுத்துக்கொண்டு ஓடின. பிளாஸ்க் கையிலிருந்து நழுவி விழுந்தது. பாபாவோ யோசிக்கக்கூட இல்லை. நாலு மாதப் பழக்கம். விரல் தானாக நீண்டது, குழல் தரைக்கு இறங்கியது, துப்பாக்கி திறந்துகொண்டது. சிநேகிதர்கள் நாலு பேரும் தங்கள் தங்கள் விரலைப் பார்த்துக்கொண்டார்கள்.

"நிலா..." என்றேன். அதற்குள் என் குரல் பழையபடி ஆகிவிட்டது.

காலித் ஓடி வந்து தோட்டாக்களை எடுத்துவிட்டுக் குழல் வழியாக வானத்தைப் பார்த்தார். அவர் முகம் வெளிறியது. "ஒரே நிலா" என்றார். கம்பியை விட்டுக் குத்தித் தள்ளினார். கறுத்துச் சுருங்கிப்போன ஒரு வஸ்து மணலில் விழுந்தது.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பாபா குழலை முகர்ந்து பார்த்தார்.

"சந்தன வாசனை வருது" என்றார்.

 கேன்சல். இதற்கு மேல் ஒன்றும் கிடையாது, நாளைக்கே விசா கேன்சல், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். பாதி இந்தி, கால் அரபி, மீதி கண்ணீரில் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒருநாள் வேலைக்கு உதவும் சாமான்களைக் கும்பிடுவோம், அதற்குப் பத்தி, பத்திக்குப் பழம், பழத்துக்கு...

"பழத்துக்கு என் துப்பாக்கி" என்று முடித்து வைத்தார் பாபா. "எப்பத்திலிருந்து தெரியும் உனக்கு, உள்ளே இருக்குன்னு?"

"இப்பத்தான் பாபா. மூணு நிமிஷம்."

"மூணு நிமிஷமா? அப்ப ஏன் உடனே கத்தல?"

"கத்துறதுக்கு ரெண்டரை நிமிஷம் ஆச்சு, பாபா."

 முதலில் சர்க்கரைக்காரர் சிரித்தார். பிறகு மற்ற மூன்று பேரும். காலித் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். பாபா மட்டும் சிரிக்கவில்லை. என் தோளில் கை வைத்தார். 

"தப்பு உன்னுது பாதி" என்றார். "நிலா பார்க்காதது என்னுது பாதி. கலாஸ், முடிஞ்சு போச்சு."

விஷயம் தெரிந்ததும் மாமா எனக்கும் பாபாவுக்கும் சேர்த்து ஒரு மாதம் துடைப்பக் கட்டை என்று தீர்ப்புச் சொன்னார். இந்த முறை வராந்தாவில் இரண்டு பேராக நின்றோம். ஜப்பார் பாய் அடுப்படி ஜன்னல் வழியாக, "தம்பி, பழம் வேணுமா?" என்று தினமும் கேட்டார். நரி அந்த வருஷம் முழுக்கக் கோழி தின்றுகொண்டேதான் இருந்தது. கடைசியில் கூண்டுக்குக் கம்பி வலை அடித்தோம், வராமல் போய்விட்டது. பாபா அந்தத் துப்பாக்கியால் டின்களைத் தவிர எதையும் சுட்டதில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பாபா கடைவீதியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே பித்தளையில் ஒரு ஊதுபத்தி ஸ்டாண்ட். இரண்டு ஓட்டை. "இதுல செருகு" என்றார். "அதுல செருகாதே."

நான் ஊர் வந்து சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அந்த ஸ்டாண்ட் இப்போது எங்கள் வீட்டு சாமி படத்துக்கு முன்னால் இருக்கிறது. ஒவ்வொரு பெருநாளுக்கும் காலித் போன் செய்வார். சலாம் சொன்னதும் முதல் கேள்வி, "முத்து, மோஸ் மாஃபியா?" பழம் இல்லைதானே என்று அர்த்தம். "மாஃபி, ரெண்டு நிலா" என்பேன். அவருக்கு அது போதும்.

வீட்டில்தான் அவ்வளவு சுலபமாக விடமாட்டார்கள். சாப்பிட்டு முடித்து ஒரு வாழைப்பழத்தை உரித்தேன் என்றால், என் மனைவி அடுப்படியிலிருந்தே கேட்பாள்: "முழுசாத் தின்னுட்டீங்களா, இல்ல எங்கயாவது சொருகி வச்சிருக்கீங்களா?"

 முகட்டைப் பார்த்து வாயைத் திறந்து காட்டுவேன். மகள் வந்து எட்டிப் பார்த்து, "காலி!" என்று கத்துவாள். அவளுக்கு நல்ல சத்தம்.