பொம்மைகளிடம் சம்மதக் கடிதம்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. இங்கே நலம் இல்லை. என் வலது கன்னம் இன்னும் வீங்கியிருக்கிறது. உன் நலம் அறிய ஆவல் உண்டு, ஆனால் என் கதையைச் சொல்லி முடித்த பிறகு. இந்தக் காலத்தில் காகிதத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். சென்ற வருடம் நம் சண்டைக்குப் பிறகு உன்னைக் குடும்பக் குரூப்பிலிருந்து நீக்கியதோடு உன் நம்பரையும் தடை செய்துவிட்டேன் அல்லவா, தடை செய்வது எனக்குத் தெரியும், தடையை எடுப்பது என் மகளுக்குத்தான் தெரியும், அவளோ கல்லூரிச் சுற்றுலா போயிருக்கிறாள். உன் அக்காவிடம் உன் விலாசம் கேட்டால் எதற்கு என்று கேட்பாள். அதனால் நீ எப்போதோ அனுப்பிய பார்சல் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, அதில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து எழுதுகிறேன். நீ வீடு மாறியிருந்தால், இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் தயவுசெய்து என் மைத்துனனைத் தேடிப்பிடித்துக் கொடுக்கவும்.

சண்டை எதற்கென்று உனக்கு நினைவிருக்கும். துணிக்கடைகளில் உடை உடுத்தி நிற்கும் பொம்மைகளை விற்பதும், வாடகைக்கு விடுவதும், விரல் போனால் ஒட்டிக் கொடுப்பதும்தான் என் பிழைப்பு. அதற்கு இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தேன். ஊரில் உலகத்தில் எல்லோரும் கூடும் இடம், ஒரு பைசா செலவில்லை, ஆறாயிரம் பேர் என்னைப் பின்தொடர்ந்தார்கள். மொட்டைத் தலைப் பொம்மை ஒன்றின் படத்தைப் போட்டால் சாயங்காலத்துக்குள் இருநூறு இதயங்கள் வந்து விழும். அந்த ஆறாயிரம் பேரில் எத்தனை பேர் பொம்மை வாங்கினார்கள் என்று உன் அக்கா ஒருமுறை கேட்டாள். வியாபாரம் என்றால் என்னவென்று பெண்களுக்கு விளக்கிச் சொல்ல முடியாது என்று விட்டுவிட்டேன். அப்போதுதான் நீ விருந்துக்கு வந்த இடத்தில், சாப்பிட்ட கை காயும் முன்னே எனக்குப் புத்தி சொன்னாய்.

"அத்தான், அது அடுத்தவன் கட்டடம். ஒரு நாள் அவன் கதவைச் சாத்திட்டா நீங்க தெருவுலதான் நிக்கணும். சின்னதா சொந்தமா ஒரு வெப்சைட் வச்சுக்குங்க, நான் செஞ்சு தர்றேன்" என்றாய்.

ஆறாயிரம் பேர் இருக்கிற இடத்தை விட்டுவிட்டு ஆளில்லாத காட்டில் போய்க் கடை போடச் சொல்கிறானே என்று எனக்குக் கோபம் வந்தது. வெப்சைட் என்ற சொல்லையே இனி என் கடையில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று அன்றைக்கே உத்தரவு போட்டேன். போட்ட உத்தரவு போட்டதுதான், இன்றுவரை உன் அக்கா அதை மீறியதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் கடையைப் பிரதான சாலையிலிருந்து உள் தெருவுக்கு மாற்றினேன். புது இடத்துக்குப் பெயர்ப்பலகை எழுதவில்லை, பழைய இடத்தில் அறிவிப்பு ஒட்டவில்லை, அட்டை அடிக்கவில்லை. புது விலாசத்தை இணையப் பக்கத்தில்தான் போட்டாயிற்றே என்ற தைரியம். ஊருக்கு வெளியே நாலு மாடியில் ஒரு துணிக்கடை திறக்கப் போகிறார்கள். அதன் மேலாளர் அம்மா பக்கத்தின் வழியாகவே எனக்கு எழுதி, மொத்தக் கடைக்கும் பொம்மை வேண்டும், வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு ஆர்டர் கிடைத்தால் கடை நிமிர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் இந்த உள் தெருக் கடையையும் காலி செய்ய வேண்டியதுதான். சரியாக அந்த வாரம் திங்கட்கிழமை காலையில் பக்கத்தைத் திறந்தால் பக்கம் இல்லை. ஆபாசப் படங்கள் இருப்பதாக நீக்கிவிட்டார்களாம். நான் தோள் மூட்டும் இடுப்புப் பூட்டும் தெரிவதற்காகப் பொம்மைகளை உடுத்தாமல் படம் எடுப்பவன். புடவை கட்டிப் படம் எடுத்தால் வாங்குகிறவன் புடவையையா வாங்கப் போகிறான்? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடை நிறையக் கையும் காலும் கிடக்கின்றன, என்ன பிரயோசனம். இத்தனை வருடம் மரியாதையாகத் தொழில் செய்தவனை ஒரு காலையில் ஆபாசக்காரன் ஆக்கிவிட்டார்களே என்று, உன்னிடம் சொல்வதற்கென்ன, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

முறையீடு செய்தேன். மனிதர் யாரும் பதில் சொல்லவில்லை, இயந்திரம்தான் சொன்னது. படத்தில் உள்ளவர்கள் தங்கள் படத்தை வெளியிடச் சம்மதித்த கடிதம் இருந்தால் அனுப்பவும் என்றது. அவர்கள் ஃபைபரால் ஆனவர்கள், கையெழுத்துப் போட மாட்டார்கள், கையே மணிக்கட்டோடு தனியாகக் கழன்று வந்துவிடும் என்று பணிவாக எழுதினேன். உடனே வன்முறை என்று இன்னொரு குற்றத்தையும் சேர்த்துவிட்டார்கள். சரி, வேறு பக்கம் தொடங்கலாம், இந்த முறை உடுத்தியே படம் எடுக்கலாம் என்று உன் அக்காவின் நீலப் புடவையை ஒரு பொம்மைக்கும், என் சட்டைகளை மற்றவற்றுக்கும் மாட்டிப் படம் போட்டேன். மறுநாள் ஒரு பெண்மணி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, விசாரித்து விசாரித்துக் கடைக்கு வந்து, நீலப் புடவை என்ன விலை என்றார். பொம்மையின் விலையைக் கேட்கிறார் என்று நினைத்துச் சொன்னேன். ஒரு புடவைக்கு இவ்வளவா, இது என்ன அநியாயம் என்று தெருவே கேட்கும்படி சத்தம் போட்டுவிட்டுப் போனார். நான் அங்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் உன் அக்கா என் கோடு போட்ட சட்டையை நல்ல விலைக்கு விற்றுவிட்டாள். அன்று இரவே அந்தப் புதுப் பக்கத்தையும் தூக்கிவிட்டார்கள். காரணம் கேட்டால், என் பழைய பக்கத்தைப் போல நடித்து நான் ஊரை ஏமாற்றுகிறேனாம். என்னைப் போல நடிக்க எனக்கே அனுமதியில்லை, மைத்துனா.

நான் இப்படித் தலையில் அடித்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் உன் அக்கா நிம்மதியாக உட்கார்ந்து பொம்மைகளின் விக்கைச் சீவிக்கொண்டிருந்தாள். இடையிடையே போன் வரும், பின்னறைக்குப் போய்ப் பேசிவிட்டு வருவாள். உன்னோடுதான் ஊர்வம்பு அடிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். ஒருமுறை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வெப்சைட் பேச்சென்றால் வேண்டாம் என்றேன். சரி என்று சீப்பை எடுத்துக்கொண்டாள். குடும்பம் மூழ்கும்போது ஒரு மனுஷிக்கு இவ்வளவு பொறுமை ஆகாது என்று நீதான் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை வந்தது. மேலாளர் அம்மாவின் நம்பர் என்னிடம் இல்லை, எல்லாம் அந்தப் பக்கத்தோடு போய்விட்டது. அவருக்குப் புது விலாசம் தெரியுமோ தெரியாதோ. பழைய இடத்துக்குத்தான் வருவார், வாசலிலேயே பிடித்துவிடலாம் என்று கிளம்பினேன். பழைய இடத்தில் இப்போது பல் டாக்டர் இருக்கிறார். என்னை அடையாளம் தெரியவேண்டுமே என்று ஒரு பொம்மையின் கையை, தோளோடு கழற்றி, மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்போர் நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்துபோய்த் தள்ளி உட்கார்ந்தார். டோக்கன் வாங்காதவர்கள் உட்காரக் கூடாது என்று வரவேற்புப் பெண் சொல்ல, உட்கார இடம் வேண்டுமே என்று ஒரு டோக்கன் வாங்கினேன். டோக்கன் வாங்கினால் முறை வரும் என்பது எனக்குத் தோன்றவில்லை. கூப்பிட்டார்கள். எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் உள்ளே போனேன், அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், திறந்த வாயை டாக்டர் விடவில்லை. கடைவாயில் ஒரு பல் இருக்கவே கூடாது என்றார், மரத்துப்போக ஊசியும் போட்டுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு பெண்குரல், "இங்க பொம்மைக் கடை இருந்துச்சே, எங்க போச்சு?" என்று கேட்டது.

துள்ளி எழுந்தேன். கழுத்தில் துண்டு, வாயில் பஞ்சு, பாதி முகம் என் வசம் இல்லை. கடை அந்தத் தெருவில் இருக்கிறது, நான்தான் உரிமையாளர் என்று சொன்னேன். எனக்கே புரியவில்லை. சரி, வழியையாவது காட்டுவோம் என்று கையிலிருந்த கையை நீட்டித் தெருவைக் காட்டினேன். அந்த அம்மா ஒரு அலறலோடு ஓடினார். பின்னாலேயே நானும் கையை ஆட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தேன். கார் போய்விட்டது. திரும்பிவந்து பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன் அக்காவிடம் பல்வலி என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்; நீயும் காட்டிக்கொடுக்காதே.

ஆகவே, நீ சொன்னது சரி என்று நான் எழுதவில்லை. அப்படி நீ படித்துக்கொண்டால் அது உன் இஷ்டம். ஆனால் இந்தக் கடிதம் கண்டவுடன் எனக்கு ஒரு வெப்சைட் செய்து கொடு. என் சொந்தப் பெயரில், என் சொந்த இடமாக இருக்க வேண்டும். விலாசம், போன் நம்பர், வழி எல்லாம் இருக்க வேண்டும். பொம்மைகள் அவற்றின் இஷ்டப்படி நிற்கும், யாரும் சம்மதக் கடிதம் கேட்கக் கூடாது. முக்கியமாக, முதல் பக்கத்திலேயே என் படம் பெரிதாக, சிரித்த முகமாக வர வேண்டும். அந்த மேலாளர் அம்மா எங்காவது தேடிப் பார்த்தால் இவர்தான் உரிமையாளர் என்று கண்டுகொள்ளட்டும்.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைக்கு ஆசி. எல்லாப் பல்லோடும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும்போது உன் அக்கா வந்து கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். உட்கார்ந்து சிரித்தாள், பிறகு தன் போனை எடுத்து ஒரு வெப்சைட்டைக் காட்டினாள். கடைப் பெயர், புது விலாசம், பொம்மைகள், அவள் நம்பர் எல்லாம் இருக்கிறது. நம் சண்டை நடந்த வாரமே நீ செய்து கொடுத்துவிட்டாயாம், கடை மாறியதும் விலாசத்தை அவளே மாற்றிவிட்டாளாம். "நீங்க அந்தப் பேச்சை எடுக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க, செய்யக் கூடாதுன்னு சொல்லலியே" என்கிறாள். இவ்வளவு நாளும் வந்த தையல்காரர்கள், துணிக்கடைக்காரர்கள் எல்லோரும் அதைப் பார்த்து வந்தவர்கள்தானாம். மேலாளர் அம்மாவும் காரில் ஏறியதும் போனில் தேடி, அதைக் கண்டுபிடித்து, நேரே கடைக்கு வந்து மொத்த ஆர்டரையும் கொடுத்துவிட்டாராம்; சொன்னால் அந்தப் பேச்சு வருமே என்று என்னிடம் சொல்லவில்லையாம். எனக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை, ஊசி காரணமில்லை. ஆனால் அவர் வந்ததும் முதலில் தண்ணீர்தான் கேட்டாராம். பல் டாக்டர் இடத்தில் யாரோ ஒரு ஆள் வெட்டிய கையோடு தன்னைத் துரத்தினான், தெரிந்தவனா என்று கேட்டிருக்கிறார். உன் அக்கா தண்ணீர் கொடுத்து, அந்த ஆளை நான் பார்த்ததே இல்லை என்று சொல்லியிருக்கிறாள். புதன்கிழமை அவரே வண்டியோடு வந்து பொம்மைகளை எடுத்துக்கொள்கிறார். அன்றைக்கு நான் கடைப் பக்கம் வரவே கூடாது என்று உன் அக்காவின் உத்தரவு. ஆகவே தம்பி, வெப்சைட் செய்ய வேண்டாம். என் படம் போடச் சொன்னேனே, அதைப் போடவே போடாதே.