மாதா திறந்த மேல் பிளக்

புதுமை, அற்புதம் என்றால் எனக்கு நம்பிக்கை குறைவு. மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறவன் நான். ஒரு பொருள் அசைந்தால் அதை யாரோ அசைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட இந்த டனிஸ்ரனையே மாதா முழந்தாளில் விழவைத்துவிட்டார். அந்தக் கதையைக் கோயிலில் மைக் பிடித்து எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். மீதிக் கதையை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

எங்கள் மாதா திருநாள் ஓகஸ்டில் வரும். சோடித்த கூட்டில் சொரூபத்தை வைத்து, தோளில் சுமந்து கோயில் வளவைச் சுற்றி வருவது வழக்கம். போன வருடம் சுமந்தவர்களில் பாதிப்பேர் நாரிப்பிடிப்போடு, இடுப்பை நிமிர்த்த ஏலாமல் படுத்துவிட்டார்கள். "இந்த முறை கூட்டை வண்டியிலை வைச்சு இழுப்பம்" என்று திருநாள் கூட்டத்தில் பங்குச் சுவாமி சொல்லி வாய் மூடவில்லை, நான் எழும்பிவிட்டேன்.

"என்ரை பகி இழுக்கும், சுவாமி."

பகி என்றால் சேற்றிலும் மேட்டிலும் பாய்வதற்கென்றே செய்த திறந்த வண்டி. பெரிய சில்லுகள், தலைக்கு மேலே இரும்புக் கம்பி, கதவு கிடையாது. நான் அதைச் சிங்கம் என்பேன். என் மனைவி றோசலின் அதைச் சேற்றெருமை என்பாள்.

"ஏலாட்டிச் சொல்லுங்கோ அண்ணை" என்றான் பக்கத்து வீட்டு ஆரூரன். "என்ரை புல்லு வெட்டுற மெசின் நிக்குது."

"புல்லு வெட்டுற மெசினிலை மாதா வாறதோ?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு நான் பின்வாங்குகிற பாதை அடைபட்டது.

இனி றோசலினைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலியாணவீடுகளுக்குச் சோடனை செய்கிறவள். தூண், வளைவு, பிளாஸ்ரிக் பூ எல்லாம் எங்கள் வரவேற்பறையில்தான் குடியிருக்கின்றன. பசையை இளக்குகிற ஹீட் கன் எந்நேரமும் சூடாக ஊதிக்கொண்டிருக்கும். நான் தொலைக்காட்சி பார்ப்பதே றிஜிபோமில் வெட்டிய இரண்டு சோடனை அன்னங்களின் கழுத்துகளுக்கு நடுவால். கராஜைத் தாருங்கள் என்று அவள் கேட்கிறாள். கராஜில் சிங்கம் நிற்கிறது. இதுதான் எங்கள் வீட்டு அரசியல்.

திருநாள் கிழமை வந்தது. கூட்டை இழுப்பதென்றால் கியர்பொக்ஸுக்குப் புது எண்ணெய் விடவேண்டும். பகியின் கீழே படுத்து, எண்ணெய் வடிக்கிற கீழ் பிளக்கைக் கழற்றினேன். பழைய எண்ணெய் கருகருவென்று வடிந்தது. பார்க்கப் பெருமையாக இருந்தது. பிறகு எண்ணெய் ஊற்றுகிற துவாரத்தை மூடியிருக்கும் மேல் பிளக்கில் ஸ்பானரை வைத்தேன். அசையவில்லை.

முதலில் மேல் பிளக் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழ் பிளக்கில் கை வைக்க வேண்டும். வண்டி வேலை தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். எண்ணெய் முழுக்க வடிந்த பிறகு ஞாபகம் வந்தது.

எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் உள்ளே பற்கள் அரைபட்டுப் போகும். எண்ணெய் விட வழியில்லை. ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகித் தொங்கினேன். துரு நீக்கி அடித்தேன். சுத்தியலால் தட்டினேன், விரல் மொளி பெயர்ந்தது. பிறகு பிரெஞ்சில் திட்டினேன். கியூபெக் ஆட்களின் கெட்ட வார்த்தைகள் எல்லாம் கோயில் சாமான்களின் பெயர்கள். எனக்கு ஒழுங்காகத் தெரிந்த பிரெஞ்சும் அவ்வளவுதான்.

றோசலின் கராஜுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"திருநாள் கிழமையிலை நற்கருணைப் பேழையைத் திட்டினால் அது எப்பிடியப்பா திறக்கும்?"

"திறக்கும்."

"எப்ப?"

"அதுக்கு மனம் வரேக்கை."

அவள் குனிந்து பிளக்கைப் பார்த்தாள். "சூடு காட்டிப் பாத்தனீங்களோ?"

"றோசலின், இது இடியப்பமில்லை. நீர் போய் அன்னத்துக்குச் செட்டை ஒட்டும்."

அவள் பிளக்கை இன்னொருதரம் உற்றுப் பார்த்துவிட்டுப் போனாள். அப்போதே நான் பயப்பட்டிருக்க வேண்டும். சந்தோசப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலையால் வந்தேன். ஆரூரன் தன் மெசினைக் கழுவித் துடைத்து, வெயிலில் நிறுத்தியிருந்தான். என்னைக் கண்டதும் கை காட்டினான். வீட்டுக்குள்ளால் நேராகக் கராஜுக்கு நடந்தேன். கராஜ் வாசலிலேயே றோசலின் மறித்தாள். வாசலடியில் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது.

"முதல்லை இதிலை முழந்தாளிலை நில்லுங்கோ."

"என்னத்துக்கு?"

"ஸ்பானரை நம்பினீங்கள், குழாயை நம்பினீங்கள். மாதாட்டைக் கேட்டனீங்களோ? அவவின்ரை கூட்டைத்தானே இழுக்கப்போறியள். ஒரு நேர்த்தி வையுங்கோ."

நின்றேன். "மாதாவே, பிளக் திறந்தால் ஒரு பெட்டி மெழுகுதிரி."

"அது கடையிலை வாங்கிறது" என்றாள் றோசலின். "அதிலை உங்கட தியாகம் எங்கை?"

"ஒரு மாதம் இறைச்சி தின்னன்."

"அது டொக்டர் சொன்னது. டொக்டருக்குக் குடுத்ததை மாதாவுக்கும் குடுக்கேலாது."

"ஒவ்வொரு நாளும் செபமாலை."

"போன திருநாளுக்கும் அதைத்தான் சொன்னீங்கள். அவவுக்கு ஞாபகம் இருக்கும்."

"அப்ப என்னதான் குடுக்கிறது?"

"எனக்கென்ன தெரியும்? உங்கட மனசுக்கு ஆகப் பிரியமானது எதுவோ, அது."

மாதா படத்தைப் பார்த்தேன். மாதா என்னைப் பார்த்தார். வெளியே ஆரூரன் மெசினை ஒருதரம் முடுக்கிப் பார்த்தான்.

"கராஜ்" என்றேன்.

"மாதாவுக்கு ஏன் கராஜ்?" றோசலினின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"மாதாவுக்கில்லை, உமக்கு. உம்மட சோடனைச் சாமானுக்கு. பகியை நான் வெளியிலை தறப்பாள் போட்டு மூடுறன்."

"அது உங்கட விருப்பம். நான் கேக்கேல்லை. அவவுக்குக் கேக்கிற மாதிரிச் சத்தமாச் சொல்லுங்கோ."

சத்தமாகச் சொன்னேன். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கராஜுக்குள் போனேன். உள்ளே மெழுகு மணத்தது. அப்படியே கோயில் மணம். உடம்பு சிலிர்த்தது. ஸ்பானரைப் பிளக்கில் வைத்தேன். அழுத்தவில்லை, சும்மா வைத்தேன். பிளக் திரும்பியது. ஸ்பானரை எடுத்துவிட்டு விரலால் சுற்றினேன். தண்ணீர்ப் போத்தல் மூடி மாதிரிச் சுழன்று என் கைக்குள் வந்து விழுந்தது.

கொங்கிறீற் தரையில் முழந்தாளில் விழுந்தேன். அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், வாய்விட்டு அழுதேன். இவ்வளவு பெரிய உலகத்தில், மொன்றியல்-நோர் பகுதியில் ஒரு கராஜில், ஒரு பிளக்குக்காக இரங்கிய தாயை நினைத்து அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை சிங்கம் மெல்ல மெல்லக் கூட்டை இழுத்தது. றோசலின் சோடித்த கூட்டில் மாதா வெள்ளைப் பூக்களுக்கு நடுவே அசைந்து வந்தார். பக்கத்து மாடிகளில் நின்ற கியூபெக் கிழவிகள் நெஞ்சில் சிலுவை போட்டார்கள். பூசை முடிய மைக்கைப் பிடித்தேன். நேர்த்தி, மெழுகு மணம், விரலால் கழன்றது எல்லாம் சொன்னேன். ஆரூரன்கூடக் கண்ணைத் துடைத்தான். எண்ணெய் வடித்த ஒழுங்கை மட்டும் விட்டுவிட்டேன். அது புதுமைக்குத் தேவையில்லாத விபரம்.

அடுத்த நாள் பகியை வெளியே தள்ளி மூடினேன். சோடனைச் சாமான்களைக் கராஜுக்குக் காவத் தொடங்கினேன். அன்னங்களுக்குப் பிறகு ஹீட் கன் இருந்த பெட்டியைக் கராஜுக்குக் கொண்டுவந்தேன். பெட்டிக்குள் ஒரு தடித்த மெழுகுதிரி. அதன் உடம்பில் பிளக்கின் திருகு மரை வரிவரியாகப் பதிந்திருந்தது. இடையில் கறுப்பு எண்ணெய்.

"றோசலின், இதென்ன?"

"மெழுகுதிரி."

"இதிலை ஏன் பிளக்கின்ரை மரை பதிஞ்சிருக்கு?"

அவள் ஒளிக்கவில்லை. "பிளக்கைச் சுத்திச் சூடாக்கிப்போட்டு மெழுகைத் தொட்டால், உருகி மரைக்குள்ளை இறங்கும். பேந்து ஸ்பானருக்குக் கழண்டு வரும். திரும்ப இறுகக்கூடாதெண்டு கழட்டின பிளக்கிலையும் தேய்ச்சனான். யூரியூப்பிலை ஒரு கிழவர் வடிவாச் செய்து காட்டினவர். பிரெஞ்சிலை."

"எப்ப செய்தனீர்?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம். நீங்கள் வேலையிலை."

நான் நேர்த்தி வைத்தது வெள்ளிக்கிழமை பின்னேரம். பெட்டியை மெல்லக் கீழே வைத்தேன்.

"அப்ப நான் முழந்தாளிலை நிக்கேக்கை..."

"கழண்டு, கையாலை பூட்டிக் கிடந்தது."

கோபம் வரவேண்டும். வந்தது வியப்புத்தான். நான் குழாயில் தொங்கியும் அசையாததை மெழுகுதிரியால் கழற்றி, திரும்பப் பூட்டி, கையைக் கழுவி, படத்துக்கு முன்னால் திரி கொளுத்திக் காத்திருந்திருக்கிறாள். லொறி ஓட்டிய இத்தனை வருடத்தில் இவ்வளவு துப்பரவான வேலையை நான் பார்த்ததில்லை. ஆனாலும் புருசனாக ஏதாவது கேட்க வேண்டுமே.

"மாதாவின்ரை பேரைச் சொல்லி ஏமாத்தலாமோ?"

"மாதா திறந்தவ எண்டு நான் சொன்னனானோ? மைக்கிலை சொன்னது நீங்கள். வேணுமெண்டால் வாற ஞாயிறு திருத்திச் சொல்லுங்கோ. மேல் பிளக்கைத் திறக்க முதல் எண்ணெயை வடிச்ச கதையையும் சேத்து."

நான் ஓர் அன்னத்தைத் தூக்கி ஒழுங்காக மூலையில் வைத்தேன். கடைசியாக ஒன்றைத்தான் கேட்டேன்.

"பிளக் ஏற்கெனவே கழண்டு கிடந்ததுதானே. அப்ப என்ரை மெழுகுதிரி நேர்த்தியை ஏன் மறுத்தனீர்?"

றோசலின் அன்னத்தின் கழுத்தைக் கொஞ்சம் திருப்பி நேராக்கினாள்.

"மாதா மெழுகுதிரிக்கே சம்மதிச்சிருப்பா, அப்பா. எனக்குத்தான் கராஜ் வேணுமாயிருந்தது."