சுவரைப் பார்த்து நில்லுங்க

“உள்ள விட மாட்டேங்குது, உத்தமன்,” என்றார் கணக்குப் பிரிவு உஷா மேடம். “அனுமதி இல்லையாம். இந்த ஆபீஸ்ல எனக்கே அனுமதி இல்லையாம்.”

தொம்மலூரில் பம்பு விற்கும் அந்த அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் உத்தமன். எல்லோருடைய கோப்புகளும் இருக்கும் சர்வருக்கு அன்று காலைதான் புது மென்பொருள் ஏற்றியிருந்தான். கையோடு, மேனேஜர் சுந்தரேசன் சொன்னபடி, சர்வருக்குள் நுழையும் பெயர்களில் ஆளில்லாதவற்றையும் களைந்தான். அப்படி இருந்தது ஒரே பெயர்: ஓஸ்வால்ட், பழைய ஸ்டோர் கீப்பர், காலமாகி வருடங்கள் ஆயிற்று. ஒரு நொடி கண்ணை மூடி நின்றுவிட்டுத்தான் நீக்கினான்.

மாலைக்குள் பொம்மசந்திரா தொழிற்சாலைக்குக் கொட்டேஷன் போகவேண்டும். போனால் உத்தமனின் வேலை நிரந்தரம்.

ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்ட் என்பது மேனேஜர் போட்ட சட்டம். உஷாவின் பெயருக்கு எல்லா அனுமதியும் கொடுத்துவிட்டு வந்து, இப்போது பெயரையும் பாஸ்வேர்டையும் அடிக்கச் சொன்னான்.

“அடிக்கறேன். நீங்க சுவரப் பாத்து நில்லுங்க.”

நின்றான். பிறர் பாஸ்வேர்டை எட்டிப் பார்க்காத வளர்ப்பு. முதுகுக்குப் பின்னால் விசைகள் தடதடத்தன. திறக்கவில்லை.

சர்வரை ஒருமுறை அணைத்துப் போட்டான். விடிந்ததும் வந்து கொட்டேஷனைத் திறந்துவைத்து, நிம்மதியாக அடித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் ராகேஷ். அவனும் வெளியே விழுந்தான்.

“குரு, அடிச்சதெல்லாம் போச்சு,” என்றான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. அவனும் உத்தமனைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டுத்தான் மறுபடி அடித்தான். திறக்கவில்லை.

வருவது வரட்டும் என்று, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என மாற்றினான். திறந்தது. ஆனால் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் மைசூர்பாகு மாதிரி. அலுவலகமே மானிட்டரைச் சுற்றி நின்று போன வருட விலைகளை வேடிக்கை பார்த்தது.

மேனேஜர் வந்தார். “தள்ளுப்பா. என்னையுமா விடாது? எல்லாரும் திரும்புங்க.”

அலுவலகம் மொத்தமும் சுவரைப் பார்த்தது. திறக்கவில்லை. நிரந்தரத்தை மறந்துவிடச் சொல்லிவிட்டு அவர் அறைக்குப் போனார்.

கடைசியாக, நம்பிக்கையே இல்லாமல், வரவேற்பு மேசை விஜியிடம் போனான். அவள் சொல்லும் முன்பே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

“எதுக்கு சார் அங்க பாக்கறீங்க?” என்றாள் விஜி. “இதுல என்ன ரகசியம்? மேனேஜர் சார்ல இருந்து நான் வரைக்கும், எல்லாரும் ஓஸ்வால்ட் பேர்லதானே உள்ள போறோம்?”